லண்டன் பயணத்துக்குக் கார் சீட்: எங்கள் குடும்பக் குழுவில்

தர்ஷினி: எல்லாருக்கும் வணக்கம். டிசம்பரில் லண்டன் போகிறோம். பிள்ளைகளுக்கு என்ன கார் சீட் கொண்டு போவது என்று இந்தக் கிழமைக்குள் முடிவெடுக்கவேண்டும். கவினுக்கு மூன்று வயது, 14 கிலோ. சின்னவளுக்குப் பத்து மாதம், 9 கிலோ.

குமுதா சித்தி (ரொறன்ரோ): மகள், என் மருமகள் அமெரிக்காவில் வாங்கிய சீட் ஒன்று சும்மா கிடக்கிறது. அலுமினியச் சட்டம், மடித்தால் முதுகுப் பைக்குள் போகும், 3.6 கிலோதான். அடுத்த மாதம் கொழும்புக்கு வரும்போது கவினுக்குக் கொண்டு வரட்டுமா?

நிரோஷன்: அக்கா, அதைவிடக் காற்றடிக்கிற பூஸ்டர், பிள்ளையை உயர்த்தி இருத்துகிற மெத்தை, இருக்கிறதே. கைப்பையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

சுபா அக்கா (லண்டன் ஹரோ): தர்ஷினி, கொஞ்சம் பொறு, ஒன்றும் வாங்காதே. சித்தி சொல்கிற சீட் நல்ல சீட். ஆனால் இங்கே வீதியில் அதைப் பாவிக்க முடியாது. இங்கிலாந்தில் ஐரோப்பிய முத்திரை உள்ள சீட்தான் சட்டப்படி செல்லும். ஒட்டியிருக்கும் லேபிளில் வட்டத்துக்குள் பெரிய ஈ எழுத்தும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற தர எண்ணும் இருக்கவேண்டும். அமெரிக்க சீட்டில் அது இருக்காது.

குமுதா சித்தி (ரொறன்ரோ): அது உண்மைதான். கனடாவிலும் மேப்பிள் இலை போட்ட முத்திரை இல்லாவிட்டால் செல்லாது, பக்கத்து நாட்டு அமெரிக்க சீட்டானாலும் சரி.

ரமணன் அண்ணா (மெல்பேர்ண்): இங்கேயும் அப்படித்தான். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரம் 1754 என்று போட்டிருக்கவேண்டும். எந்த நாட்டில் போய் இறங்குகிறோம் என்பதைப் பார்த்துத்தான் சீட் வாங்கவேண்டும். பாரம், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

நிரோஷன்: அப்ப பூஸ்டர்?

சுபா அக்கா (ஹரோ): தம்பி, கவினுக்கு அது இன்னும் காலமில்லை. இங்கே புதிதாக வருகிற முதுகில்லாத பூஸ்டர்கள் 22 கிலோவும் 125 சென்டிமீட்டரும் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான். அதோடு பூஸ்டருக்குத் தோளுக்குக் குறுக்கே வருகிற பெல்ட் வேண்டும். விமான ஆசனத்தில் இடுப்பு பெல்ட் மட்டும்தானே இருக்கிறது. விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பூஸ்டரில் இருத்த விடமாட்டார்கள்.

தர்ஷினி: அப்ப கவினை விமானத்தில் என்ன செய்வது அக்கா? பெல்ட்டுக்குள்ளிருந்து நழுவி இறங்கிவிடுவான்.

சுபா அக்கா (ஹரோ): அவனுக்குக் கேர்ஸ் என்கிற பெல்ட் பொருந்தும். 10 முதல் 20 கிலோ வரை, 100 சென்டிமீட்டர் உயரம் வரை. அரைக் கிலோகூட இல்லை. ஒரு பட்டியை ஆசனத்தின் முதுகைச் சுற்றிப் போட்டு இறுக்கவேண்டும், பின்னால் இருப்பவரை ஒருதரம் சாப்பாட்டுத் தட்டைத் திறக்கச் சொல்லவேண்டும். பட்டியைத் தட்டுக்கு அடியில் பிள்ளையின் தோள் மட்டத்துக்கு இறக்கிவிட்டுத் தட்டை மூடலாம். பிறகு இரண்டு தோள் பட்டிகளும் கீழே வந்து இடுப்பு பெல்ட்டோடு சேரும். ஆனால் அது விமானத்துக்கு மட்டும். காரில் போடவே கூடாது.

தர்ஷினி: காருக்கு?

சுபா அக்கா (ஹரோ): காருக்கு நான் இங்கே ஒன்று வாங்கி வைக்கிறேன். பாவித்த சீட் வேண்டாம், எந்த விபத்தில் அடிபட்டது என்று யாருக்குத் தெரியும். டாக்சியில் சீட் இல்லாவிட்டால் சட்டம் விலக்குத் தரும், ஆனாலும் நானே ஹீத்ரோவுக்குச் சீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன்.

அத்தை: சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு போகலாம்தானே? எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே டிக்கெட்டும் பத்தில் ஒரு பங்குதான்.

சுபா அக்கா (ஹரோ): போகலாம் அத்தை, தாயின் பெல்ட்டில் கொழுவுகிற சின்னப் பெல்ட் தருவார்கள். ஆனால் கொழும்பிலிருந்து லண்டன் பதினொரு மணி நேரம். விமானம் குலுங்கினால் 9 கிலோப் பிள்ளையைக் கையால் பிடித்து வைத்திருக்க முடியாது. 1989இல் அமெரிக்காவில் சியூ சிட்டியில் ஒரு விமானம் விழுந்தது. மடிக் குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடிக்கச் சொல்வதுதான் அப்போதைய வழக்கம். அதில் ஒரு குழந்தை இறந்துபோனது. அன்றைக்கு அப்படிச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், குழந்தைக்கும் தனி ஆசனம் வேண்டும் என்று அதன் பிறகு பல வருடங்கள் வாதாடினார். அதை வாசித்த நாளிலிருந்து என்னால் “மடி போதும்” என்று சொல்ல முடியவில்லை.

பெரியப்பா: சின்னவளின் ஆசனத்துக்கான காசு என்னுடையது. தர்ஷினி, மறுக்காதே.

தர்ஷினி: பெரியப்பா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நன்றி. அக்கா, அவளுக்கு எங்களிடம் கைபிடி வைத்த குழந்தை சீட் இருக்கிறது, பின்பக்கம் பார்த்து இருக்கிறது. 13 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. ஈ முத்திரையும் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

சுபா அக்கா (ஹரோ): நல்லது! இங்கேயும் ஆர்129 சீட் என்றால் பதினைந்து மாதம் வரையாவது பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கவேண்டும். இனி மூன்று விஷயம் பார். இடுப்பு பெல்ட்டால் மட்டும் கட்டலாமா என்று கையேட்டில் பார், ஐசோஃபிக்ஸ் என்கிற, கார் ஆசனத்தில் உள்ள கொளுக்கிகளில் மட்டும் பூட்டுகிற சீட் விமானத்தில் உதவாது. விமானத்தில் பாவிக்கலாம் என்று ஜெர்மன் சோதனை நிறுவனமான டியூவி கொடுத்த லேபிள் இருக்கிறதா என்று பார். அகலத்தை அள, 16 அங்குலத்துக்குள் என்றால் பெரும்பாலான ஆசனங்களில் இறங்கும்.

ரமணன் அண்ணா (மெல்பேர்ண்): யன்னல் ஓர ஆசனம் கேள். மற்றவர்கள் வெளியே போகிற வழியில் சீட் இருக்கக்கூடாது. முன்னால் இருப்பவர் சாய முடியாமல் போகலாம், அதனால் முன் ஆசனத்தில் உன் கணவரையே இருத்து.

சுபா அக்கா (ஹரோ): சீட்டுக்கும் கேர்ஸ் பெல்ட்டுக்கும் விமானக் கம்பனியிடம் ஈமெயிலில் சம்மதம் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்திரு. வாசலில் நிற்பவருக்கு எப்போதும் தெரிந்திருக்கும் என்று இல்லை.

நிரோஷன்: அக்கா, வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை நான்தான் கார் ஓட்டுகிறேன். தெகிவளைக் கூட்டாளியின் மகனின் சீட்டை வாங்கிக் கவினுக்குப் பூட்டுகிறேன், திரும்பி வரும்போது கொடுத்துவிடலாம். நெடுஞ்சாலையில் பிள்ளை மடியில் வேண்டாம்.

அத்தை: சரி, விளங்கிவிட்டது. கவினை இப்போதே சுவரோடு நிறுத்தி அளந்தேன். 96 சென்டிமீட்டர்.

சுபா அக்கா (ஹரோ): டிசம்பரில் 100ஐ ஒட்டித்தான் நிற்பான். புறப்படுகிற கிழமை இன்னொரு தரம் அளந்து எனக்கு எழுதுங்கள் அத்தை.

தர்ஷினி: ஈமெயில் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.