குளத்துத் தண்ணி குறையுது: ரைல்ஸ் உடைக்க முதல் எதைப் பார்க்கிறது?

நல்லூர்_விடுதி:
வணக்கம். விடுதியில 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலத்தில நீச்சல் குளம். மணல் பில்டர், மல்ற்றிபோட் வால்வ் (கைபிடியைத் திருப்பித் தண்ணி போற வழியை மாத்திறது). பம் அறை குளத்து நீர்மட்டத்துக்குக் கீழ. மேல்தாங்கியில இருந்து மிதவை வால்வால தண்ணி தானா நிரம்பும். இப்ப கிணத்து மோட்டர் வழமையைவிடக் கூட நேரம் ஓடுது, ஆனா குளத்தில மட்டம் குறைஞ்ச மாதிரித் தெரியேல்லை. சோளகக் காத்துக்கு ஆவியாகிப் போகுதோ, எங்கையும் ஒழுகுதோ? ரைல்ஸை உடைக்கச் சொல்லுறாங்கள்.

பம்_வேலை:
ரைல்ஸில கை வைக்காதேங்கோ. போறதை எல்லாம் மிதவை வால்வ் நிரப்பிக்கொண்டே இருக்கும், அதுதான் மட்டம் குறையேல்லை. முதல் அதைப் பூட்டுங்கோ. உங்கட குளத்தில 1 மில்லிமீற்றர் இறங்கினா 32 லீற்றர், 1 சென்ரிமீற்றர் எண்டா 320 லீற்றர்.

பிறகு வாளிச் சோதனை. வாளியில குளத்துத் தண்ணியை விட்டுப் படியில வையுங்கோ. உள்ளுக்கும் வெளியிலயும் மட்டம் ஒண்டா இருக்கவேணும். ரெண்டையும் அடையாளம் போடுங்கோ. 24 மணித்தியாலத்தில ரெண்டும் ஒரே அளவு இறங்கினா அது ஆவி. குளம் கூட இறங்கினா ஒழுக்கு. பம்மை ஓடவிட்டு ஒருக்கா, நிப்பாட்டி ஒருக்கா செய்யவேணும்; அந்த நேரம் ஆரும் குளிக்கக்கூடாது. ஓடேக்க கூடப் போனா பெரும்பாலும் அழுத்தப் பக்கக் குழாய் (பம்மில இருந்து குளத்துக்குத் தண்ணி தள்ளுறது), இல்லாட்டிக் கழிவுக் குழாய். நிக்கேக்க கூடப் போனா உறிஞ்சு குழாயைச் சந்தேகப்படுங்கோ; அப்பிடியெண்டா பம் ஓடேக்க அந்த வெடிப்பால காத்து இழுபட்டு, பம்முக்கு முன்னால குப்பையைப் பிடிக்கிற வடிகூடையின்ர மூடிக்குள்ள குமிழி வரக்கூடும். ரெண்டு தரமும் ஒரே அளவு போனா மட்டும் தொட்டி, விளக்கு, ஸ்கிம்மர் (மேல் தண்ணியையும் மிதக்கிற குப்பையையும் உள்ளெடுக்கிற வாய்) மூட்டு.

தாவடி_தம்பி:
அண்ணை சொன்னதோட, வால்வைப் பில்டர் நிலையில விட்டுக் கழிவுக் குழாயின்ர முனையைப் பாருங்கோ. அங்க கசிவு இருந்தா வால்வுக்குள்ள வழியளைப் பிரிச்சு மூடுற ரப்பர், ஸ்பைடர் கஸ்கெற், பழுதாப் போச்சுது. பம் ஓடேக்க கைபிடியைத் திருப்பிறதுதான் முக்கிய காரணம்: அழுத்தத்தில ரப்பர் பள்ளத்தை விட்டுக் கிளம்பிடும். மணலோ சுண்ணாம்போ இடையில சிக்கினாலும் மூடாது.

அந்த ரப்பரை மாத்தேக்க பம்மை நிப்பாட்டி, உறிஞ்சு வால்வ், திரும்பு வால்வ் ரெண்டையும் கட்டாயம் பூட்டுங்கோ. உங்கட அறை கீழ இருக்கிறபடியா, மறந்தா குளமே அறைக்குள்ள வந்திடும். வால்வின்ர மூடியும் உடலும் சேருற இடத்தில கோடு போட்டிட்டுத்தான் ஆணியைக் கழட்டவேணும். பள்ளத்தில பழைய பசையைச் சுரண்டித் துடைச்சுப் புது ரப்பரை ஒட்டி, ஆணியளை எதிரெதிராக இறுக்குங்கோ.

பக்வொஷும் (தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு மணலைக் கழுவிறது) தண்ணி தின்னும். மணிக்கு 10 கனமீற்றர் பம் 3 நிமிசத்தில 500 லீற்றர் வெளியில தள்ளும். கிழமைக்கு ஒருக்கா எண்டு வைக்காமல், சுத்தமா இருந்த நேர அழுத்தத்தைவிட 0.5 பார் கூடினாப் பிறகு செய்தாப் போதும்.

பம்_வேலை:
பம்மையும் மோட்டரையும் சேர்க்கிற இடத்துக்குக் கீழ வெள்ளைக் கோடு இருக்கோ பாருங்கோ. எங்கட சுண்ணாம்புத் தண்ணி காய்ஞ்சு விட்ட அடையாளம். அப்பிடி இருந்தா மெக்கானிக்கல் சீல் (பம் தண்டைச் சுத்தித் தண்ணி வெளியில வராமல் மறிக்கிறது) தேஞ்சிட்டுது. புதுச் சீலின்ர உரசுற முகங்களில விரல் படக்கூடாது. தண்ணி இல்லாமல் பம் ஓடினா சீல் கருகும், வெளிவாயிலில பிவிசி மரையும் சூட்டில சுருங்கிக் கசியும். அதால சோதனை நேரம் மட்டம் ஸ்கிம்மர் வாயின்ர பாதிக்குக் கீழ இறங்க விடாதேங்கோ. வடிகூடை மூடியின்ர ஓ-றிங்குக்கு (ரப்பர் வளையம்) சிலிக்கன் கிறீஸ்தான். வஸ்லீன் பூசினா ரப்பர் ஊதிப்போகும்.

நல்லூர்_விடுதி:
நன்றி அண்ணை. கழிவுக் குழாய் வாழைப்பாத்திக்குள்ள புதைஞ்சு கிடக்கு, முனை தெரியேல்லை.

தாவடி_தம்பி:
அப்ப பம் அறைக்குள்ளயே அந்தக் குழாயை வெட்டி, ரெண்டு யூனியனுக்கு (கழட்டிப் பூட்டக்கூடிய இணைப்பு) நடுவில கண்ணாடி போல தெரியிற பிவிசித் துண்டு ஒண்டு போடுங்கோ. முனையையும் தோண்டி மேல எடுங்கோ. மண்ணுக்குள்ள விட்டா, குளோரினும் உப்பும் சுண்ணக்கல் வெடிப்பால கிணத்துக்கே இறங்கும்.