ஹெச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட்: தண்டவாளம், டிகோடர் எங்கே வாங்கலாம்?

கேள்வி: 20 ஃப்ளெக்ஸ் டிராக் (வளைக்கக்கூடிய தண்டவாளம்), 4 டர்ன்அவுட் (தடம் பிரியும் இடத்துத் தண்டவாளம்), ஒரு டிசிசி டிகோடர் (இன்ஜினை டிஜிட்டல் முறையில் இயக்க உள்ளே பொருத்தும் சில்லு) வேண்டும். ஆன்லைனில் விலை குறைவு. எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடலாமா?

பதில்: ஃப்ளெக்ஸ் டிராக் 3 அடி நீளம். ஒன்றிரண்டாக வரவழைத்தால் வழியில் வளைந்து, ஸ்லீப்பரிலிருந்து (குறுக்குக் கட்டை) ரெயில் பிடுங்கிக்கொள்ளும். முழுப் பெட்டியாக வாங்குங்கள், இல்லையேல் கடையில் எடுங்கள். கோட் 83-ஐயும் கோட் 100-ஐயும் கலக்காதீர்கள். ரெயில் உயரம் 0.083, 0.100 அங்குலம், சாதாரண ஜாயினரில் (இணைப்புத் துண்டு) சேர்த்தால் மூட்டில் படி விழுந்து சக்கரம் துள்ளும்.

கேள்வி கேட்டவர்: பழைய கோட் 100 கொஞ்சம் கையில் இருக்கிறதே?

பதில்: இரண்டு உயர ரெயில்களையும் சேர்க்கும் டிரான்சிஷன் ஜாயினர் போடுங்கள். சின்னச் சாமான், கடையிலேயே கிடைக்கும். டர்ன்அவுட்டையும் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்: நாக்கை (நகரும் ரெயில் முனை) நகத்தால் தள்ளினால் பக்கத்து ரெயிலோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் வண்டி அங்கேதான் தடம் புரளும். டிகோடர் ஆன்லைனில் சரி. முதலில் இன்ஜின் மூடியைக் கழற்றி, சாக்கெட் 8 பின்னா 21 பின்னா என்று எண்ணிவிடுங்கள்.

இன்னொரு பதில்: எனாமல் பெயின்ட், பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக் ஒட்டும் பசை) இரண்டும் தீப்பற்றும் சரக்கு. விமானத் தபாலில் ஏற்க மாட்டார்கள். பக்கத்துக் கடைதான்.