சின்ன கிறிஸ்தவ காலேஜ்ல ஃபுட்பால் டீம் ஆரம்பிக்கலாமா? கமிட்டில இருக்கேன், யோசனை சொல்லுங்க

கொங்கு_வாத்தியார்:
வணக்கம் மக்களே. மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன லூத்தரன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன், மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் ஸ்டூடன்ட்ஸ்தான். கொஞ்ச வருஷமா அட்மிஷன் சரிஞ்சுகிட்டே வருது, அதுலயும் ஆம்பளப் பசங்க ரொம்ப கம்மி. இப்ப போர்டுல ஃபுட்பால் டீம் ஆரம்பிக்கலாம்னு பேச்சு (அமெரிக்கன் ஃபுட்பால்தான், நம்ம ஊர் கால்பந்து இல்ல). ஒரு கன்சல்டன்ட் வந்து "100 பசங்க வருவாங்க, 100 ஃபீஸ் வரும், காலேஜ் நிமிர்ந்துடும்"னு ஸ்லைடு போட்டு காமிச்சுட்டு போயிட்டார். ஃபேகல்டி சார்பா கருத்து சொல்ற கமிட்டில என்னையும் போட்டிருக்காங்க. இந்த காலேஜ் எனக்கு சோறு போட்ட இடம், என் பொண்ணும் இங்கதான் படிக்கிறா, அதனால ஏனோதானோன்னு கையெழுத்து போட மனசு வரல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டெக்சஸ்_செல்வி:
அண்ணா, நாங்க இருக்குறது சென்ட்ரல் டெக்சஸ், பக்கத்துல பெல்ட்டன்ல மேரி ஹார்டின்-பெய்லர்னு ஒரு பாப்டிஸ்ட் யுனிவர்சிட்டி இருக்கு. 1845-ல ஆரம்பிச்சது, 1971 வரைக்கும் பொம்பளப் பிள்ளைங்க காலேஜாதான் இருந்துச்சு. அவங்க ஃபுட்பால் ஆரம்பிச்சதே 1998-லதான், முதல் சீசன்ல 3 ஜெயிச்சு 7 தோத்தாங்க. ஆனா பீட் ஃப்ரெடென்பர்க்னு ஒரே கோச் 2021 வரைக்கும் இருந்தார், 2004-லயே ஃபைனல் போனாங்க, 2018-லயும் 2021-லயும் டிவிஷன் த்ரீ (காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏங்கிற அமைப்போட மூணாவது பிரிவு) நேஷனல் சாம்பியன். இதுல நீங்க கவனிக்க வேண்டியது என்னன்னா ஆரம்பத்துலயே பெரிய ஸ்டேடியம் கட்டல, காலேஜுக்குள்ள சொந்த ஸ்டேடியம் வந்தது 2013-லதான், அதுவரைக்கும் ஊர் ஹைஸ்கூல் கிரவுண்டுலதான் ஆடினாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், 2016-லயும் ஜெயிச்சாங்க, ஆனா கோச் தன்னோட பழைய காரை ஒரு பிளேயருக்கு ஓட்டக் கொடுத்தது ரூல்ஸ் மீறல்னு சொல்லி என்சிஏஏ அந்தப் பட்டத்தையே பறிச்சுடுச்சு. ரூல்ஸ் பார்க்க தனியா ஒரு ஆளைப் போட சொல்லுங்க, கோச்சே பாத்துக்குவார்னு விடாதீங்க.

கணக்குப்பிள்ளை_ஒஹையோ:
செல்வி சொன்னது நல்லா போன கதை சார், டெக்சஸ்ல ஃபுட்பால்னா ஊரே திரளும், உங்க ஊர் அப்படியான்னு பாருங்க. நான் பல வருஷமா காலேஜ் ஆடிட்லதான் இருக்கேன், அந்த "100 ஃபீஸ்"ங்கிற வார்த்தையிலதான் எல்லாரும் விழுறாங்க. ஒரு பேச்சுக்கு உங்க ஃபீஸ் 36,000 டாலர்னு வைங்க. இன்னிக்கு தனியார் காலேஜ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு பாதிக்கு மேல தள்ளுபடியாதான் போகுது, 60 சதவீதம் போச்சுன்னா தலைக்கு கைல வர்றது 14,400 தான். இதுல கோச், அசிஸ்டன்ட் கோச்சுங்க சம்பளம், பஸ், ஹோட்டல், இன்சூரன்ஸ், டிரெஸ், கிரவுண்ட் எல்லாம் போகணும். ஃபுட்பால் இல்லேன்னாலும் உங்க காலேஜுக்கு வந்திருக்கக்கூடிய பசங்களை அந்த 100-ல இருந்து கழிக்கணும், அதை எந்த ஸ்லைடுலயும் நான் பார்த்ததில்ல. அப்புறம் முக்கியமானது, ரெண்டாவது வருஷம் எத்தனை பேர் நிக்கிறாங்க? 11 பேர்தான் ஒரு நேரத்துல களத்துல, 100 பேர்ல பாதிப் பேர் மேட்ச்ல கால் வைக்கவே மாட்டான். "நீதான் ஸ்டார்ட்டர்"னு சொல்லி கூட்டிட்டு வந்த பையன் ஒரு வருஷம் பெஞ்சுல உக்காந்துட்டு, கடனையும் தலைல வாங்கிக்கிட்டு, டிகிரி இல்லாம வீட்டுக்கு போறது பெரிய பாவம் சார்.

மிச்சிகன்ல ஃபின்லாண்டியா யுனிவர்சிட்டி, உங்கள மாதிரியே லூத்தரன், ஃபின்லாந்துல இருந்து வந்தவங்க 1896-ல ஆரம்பிச்சது. 2015-ல ஃபுட்பால் கொண்டு வந்தாங்க, 2023-ல காலேஜையே மூடிட்டாங்க. அலபாமால பர்மிங்ஹாம்-சதர்ன், மெதடிஸ்ட், 2007-ல ஃபுட்பால் திரும்ப ஆரம்பிச்சாங்க, 2024 மே 31-ல மூடினாங்க, அன்னிக்கு அவங்க பேஸ்பால் டீம் டிவிஷன் த்ரீ வேர்ல்ட் சீரிஸ் ஆடிட்டு இருந்துச்சு. ஃபுட்பாலாலதான் மூடினாங்கன்னு நான் சொல்லல, ரெண்டு இடத்துலயும் பண ஓட்டை வேற பக்கம் இருந்துச்சு. ஆனா அந்த ஓட்டையை ஃபுட்பால் அடைக்கலங்கிறது உண்மை.

கொங்கு_வாத்தியார்:
ரொம்ப நன்றி சார், தள்ளுபடி கணக்கு ஸ்லைடுல இல்லவே இல்ல, கட்டாயம் கேக்குறேன். டிவிஷன் த்ரீயா, இல்ல என்ஏஐஏவான்னும் (சின்ன காலேஜுங்க சேர்ற இன்னொரு விளையாட்டு அமைப்பு) இன்னும் முடிவாகல. பொண்ணுங்க டீம் பத்தி யாருக்காவது தெரியுமா?

நெல்லை_கவிதா:
அது பெரிய விஷயம் அண்ணா, 1972-ல வந்த டைட்டில் நைன் சட்டப்படி ஆம்பளப் பசங்களுக்கு ஒரேடியா 100 இடம் கூட்டினா பொண்ணுங்களுக்கும் நியாயமா இடம் காட்டியாகணும். ஃபுட்பாலுக்கு ஈடா அத்தனை பேர் இருக்குற விளையாட்டு பொண்ணுங்களுக்கு கிடையாது, அதனால நாலஞ்சு டீம் சேர்க்க வேண்டி வரலாம், அந்தச் செலவும் இதே பட்ஜெட்ல வரணும்.

இந்த விஷயத்துல என்ஏஐஏ ஒரு வழி திறந்து வச்சிருக்கு. 2021-ல இருந்து பொண்ணுங்களுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளைப் பிடிச்சுத் தள்ளாம, இடுப்புல தொங்குற துணிப்பட்டையை உருவி நிறுத்துற ஆட்டம்) நடத்துறாங்க, முதல் பட்டம் கேன்சஸ்ல இருக்குற ஒட்டாவா யுனிவர்சிட்டி, அதுவும் பாப்டிஸ்ட் பின்னணி உள்ள சின்ன காலேஜ்தான். 2028 ஒலிம்பிக்ஸ்லயும் ஃப்ளாக் வருது. என்னைக் கேட்டா முதல்ல பொண்ணுங்க ஃப்ளாக் டீமை ஆரம்பிச்சு பாருங்க, இடிச்சு மோதுற ஆட்டம் இல்ல, ஹெல்மெட் ஷோல்டர் பேட் செலவு இல்ல. ஸ்காலர்ஷிப் விஷயத்துல, டிவிஷன் த்ரீல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது, என்ஏஐஏல ஃபுட்பாலுக்கு 24 முழு ஸ்காலர்ஷிப் அளவு வரைக்கும் பிரிச்சு கொடுக்கலாம், பக்கத்து காலேஜ் எதுல இருக்குன்னு பாத்து முடிவு பண்ணுங்க, இல்லேன்னா ஒவ்வொரு மேட்சுக்கும் பத்து மணி நேரம் பஸ்ஸுல போகணும்.

பிசியோ_முருகேசன்:
வாத்தியாரே, எல்லாரும் பணத்தைப் பேசிட்டாங்க, நான் உயிரைப் பேசுறேன். ஒரு காலேஜ் ஃபுட்பால் டீம்ல அத்லெடிக் ட்ரெய்னரா (கோச் இல்ல, பசங்க காயம், உடம்பைப் பாத்துக்குற ஆள்) இருக்கேன். ஆகஸ்ட்ல பிராக்டிஸ் ஆரம்பிக்கும், முதல் சில நாள் ஹெல்மெட் மட்டும்தான், அப்புறம்தான் பாதுகாப்பு பேட் ஒவ்வொண்ணா ஏத்தணும், உடம்பு சூட்டுக்குப் பழகணும்ல. காலைல நான் முதல்ல பண்ற வேலை கிரவுண்ட் ஓரத்துல பெரிய தொட்டில தண்ணி நிரப்பி ஐஸ் கொட்டி வைக்குறது. ஹீட் ஸ்ட்ரோக்ல பையன் விழுந்தா ஆம்புலன்ஸுக்கு காத்திருக்கக் கூடாது, கழுத்து வரைக்கும் அந்த ஐஸ் தண்ணில இறக்கி, அரை மணி நேரத்துக்குள்ள சூட்டைக் குறைச்சுட்டுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். 2018-ல மேரிலாண்ட் யுனிவர்சிட்டில, அத்தனை வசதி இருக்குற இடத்துலயே, அதைச் செய்யாம விட்டு ஒரு 19 வயசுப் பையன் போயிட்டான்.

அதனால கமிட்டில இதை எழுத்துல கேளுங்க: முழு நேர ட்ரெய்னர் எத்தனை பேர், தலைல அடிபட்டா ஆடலாமா கூடாதான்னு யார் சொல்றது (கோச்சுக்கு அதுல வாய் இருக்கக் கூடாது), ஹெல்மெட்டை வருஷா வருஷம் சோதனைக்கு அனுப்ப காசு ஒதுக்கியிருக்காங்களா. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வாங்கலாம்னு யாராவது சொன்னா உடனே தடுங்க, பத்து வருஷம் தாண்டினதை ரீகண்டிஷன் பண்றவங்களே தொட மாட்டாங்க. ட்ரெய்னரை எடுத்தப்புறம்தான் முதல் பையனை எடுக்கணும்.

கொங்கு_வாத்தியார்:
முருகேசன் சார், இதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதி செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல வைக்கப் போறேன். கவிதா சொன்ன ஃப்ளாக் விஷயத்தை பொண்ணுகிட்ட சொன்னேன், அவ ஹாஸ்டல்ல பேர் சேர்க்க ஆரம்பிச்சுட்டா. ஆம்பளப் பசங்க டீமுக்கு தள்ளுபடி போக மிச்சக் கணக்கும், ரெண்டாவது வருஷம் நிக்கிறவங்க கணக்கும் கைல வராம நான் சரின்னு சொல்லப் போறதில்ல.

டெக்சஸ்_செல்வி:
மீட்டிங் முடிஞ்சதும் என்ன சொன்னாங்கன்னு இங்கயே போடுங்க அண்ணா. கோச்சை ஒரு வருஷம் முன்னாடியே எடுப்பாங்களான்னும் கேளுங்க, பசங்களை வீடு வீடா போய்ப் பாக்கவே அவ்வளவு நாள் வேணும்.