மின்துறை மாநாடு: போனால் உருப்படியாக எதுவும் கிடைக்குமா?

கேள்வி: மின் விநியோக நிறுவனத்தில் புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு மாநாட்டுக்குத்தான் அனுமதி. போன தடவை நாள் முழுக்க விற்பனையாளர்களின் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, பை நிறைய விசிட்டிங் கார்டோடு திரும்பியதுதான் மிச்சம். எதற்குப் போகலாம்?

பதில் 1: விநியோகம்தான் வேலை என்றால் சைரெட் (CIRED, மின் விநியோகத்துக்கான சர்வதேச மாநாட்டு அமைப்பு), அதன் பெரிய மாநாடு ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும். 1921இல் தொடங்கிய சிக்ரே (CIGRE) என்ற சர்வதேச மின் அமைப்பின் பாரிஸ் அமர்வு இரட்டைப்படை ஆண்டுகளில், அங்கே உயர் அழுத்தம், மின்மாற்றி, கிரிட் சமாச்சாரம்தான் அதிகம். சிக்ரேயில் கட்டுரைகளை மேடையில் வாசிக்க மாட்டார்கள், முன்பே படித்துவிட்டு வந்து, அதிலிருந்து எழும் கேள்விகளை மட்டும் விவாதிப்பார்கள், அதனால் படிக்காமல் போனால் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

பதில் 2: காபி இடைவேளையைத் தவறவிடாதீர்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒருவர், அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் சிக்னல் எட்டாமல் மீட்டர்கள் ஊமையாகிப் போன கதையை அங்கேதான் சொன்னார். எந்த ஸ்லைடில் இதைப் போடுவார்கள்?

கேட்டவர்: சரி, சைரெட்தான். எங்கள் மீட்டர் பிரிவு ஆளையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.