மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு காலுக்குக் காற்று பம்ப்: அலாரம் ஏன் அடிக்குது?

சிப்புட்காரன்:
அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி சுங்கை சிப்புட் வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. இனிப்பு நீர் இருக்கு. இரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் சொன்ன காற்று பம்பை வாடகைக்கு எடுத்தோம். அலாரம் ஓயவே இல்லை. ராத்திரி மட்டும் போட்டால் போதுமா? ஆன்லைனில் விற்கும் கால் மசாஜ் மெஷின் இதற்கு ஆகுமா?

பிசியோ தம்பி:
பெரும்பாலும் டியூப் மடங்கியிருக்கும், இல்லையென்றால் கனெக்டர் ‘கிளிக்’ என்று உட்கார்ந்திருக்காது. காலில் மாட்டும் காற்று உறையைத் தளர்வாகச் சுற்றினாலும் அழுத்தம் ஏறாமல் அலாரம் வரும். உறைக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையணும், அவ்வளவுதான். டியூப் காலுக்கு அடியில் போகக்கூடாது, தோலில் புண் வைத்துவிடும்.

ராத்திரி மட்டும் போதாது. நடந்தால் கெண்டைச் சதையே இரத்தத்தை மேலே தள்ளும். படுக்கையில் அந்த வேலை நிற்பதால்தான் பம்ப், சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தத்தில் சில வினாடி இறுக்கி, ஒரு நிமிடம் போல விடும். நடமாட்டம் திரும்பும்வரை ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது காலில் இருக்கணும். மசாஜ் மெஷினில் எவ்வளவு அழுத்தம் என்றே பல சமயம் எழுதியிருக்காது. காசு தண்டம்.

இரத்தம் இளக்கும் மருந்து கொடுத்திருந்தால், பம்ப் இருக்கிறதே என்று அதை நிறுத்திவிடாதீங்க.

மிசி அக்கா:
இனிப்பு நீர்க்காரங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், அப்போ இறுக்கினாலும் வலி தெரியாது. பாதத்தில் நாடி நல்லா கிடைக்குதான்னு டாக்டர் பார்த்தாரா, கேளுங்க. தமனி அடைப்பு இருந்தால் இறுக்கம் கேடுதான். காலை, மாலை கழற்றி குதிகால், கணுக்காலைப் பாருங்க. நம்ம ஊர் வேர்வைக்குத் துடைத்து, காய்ந்த பிறகே மாட்டணும். கழிப்பறைக்கு எழும்போது கட்டாயம் கழற்றுங்க, டியூப் தடுக்கி விழுந்தால் புது மூட்டு போச்சு.

எஸ்டேட் அண்ணன்:
காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்கும் கொடுத்திருந்தால், கால் வீங்கும் முன் காலையிலேயே அளவெடுங்க: கணுக்காலில் மெல்லிய இடம், கெண்டையில் பருத்த இடம். ரப்பர் கையுறை போட்டு நீவினால் சுருக்கமில்லாமல் ஏறும். மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீங்க, அது கயிறு கட்டின மாதிரி இரத்தத்தை மறிக்கும்.

சிப்புட்காரன்:
நன்றி. இப்போ பார்த்தால் ஒரு கெண்டை மட்டும் பருத்து, சூடாக இருக்கு. அமுக்கினால் வலிக்குதாம். பம்ப் ஓடட்டுமா?

மிசி அக்கா:
உடனே கழற்றுங்க. இரத்த உறைவு ஏற்கனவே இருந்தால் பம்ப் அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பலாம். தைலம் போட்டு உருவவும் வேண்டாம். இன்றைக்கே ஆஸ்பத்திரி போய் ஸ்கேன் எடுங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் 999.