நோன்பு நாளில் சுகர் மாத்திரை: அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பாலக்கோட்டுக்காரன்:
அம்மாவுக்கு 58 வயசு. மெட்பார்மின், கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை, காலையும் ராத்திரியும். தீபாவளிக்குக் கேதார கௌரி நோன்பு. சாயங்காலம் கோயிலில் அதிரசம் வைத்துக் கும்பிடும்வரை பச்சைத் தண்ணிகூட வாயில் படாது. பெங்களூரிலிருந்து சொந்தக்காரங்க வேற வர்றாங்க. நோன்பை விடச் சொன்னால் மனசு ஒடிஞ்சிடுவாங்க. என்ன செய்யலாம்?

செவிலியர், பென்னாகரம்:
பலகாரத்தைவிட எனக்குப் பயம் அந்த கிளிமிபிரைடுதான் தம்பி. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் மதியத்துக்குள் சுகர் இறங்கிவிடும். மெட்பார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து குறைவு. நோன்பு அன்று காலை மாத்திரையை என்ன செய்வது என்று ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்று போட்ட மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம் வந்தால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருப்பவருக்கு வியர்த்தால் அடுப்புச் சூடு என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் தவறிப்போகிறது. காலை, மதியம், சாயங்காலம் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே வந்தால் நோன்பு அத்தோடு முடிந்தது: 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அதிரசம் கொடுத்தால் உதவாது, அதிலுள்ள எண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் குடித்தால் நோன்பு கெடாது என்று வீட்டுப் பெரியவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை அக்கா:
வேலையையும் பிரிச்சுக்கோங்க. அதிரச மாவை நாலு நாள் முன்னாடியே பாகு கிளறி, ஈரம் படாத பாத்திரத்தில் மூடி வைக்கலாம். முறுக்கும் அப்பவே. நோன்பு அன்னிக்குச் சுடுறது மட்டும்தான் பாக்கி, தட்டிக் கொடுக்க அம்மா, சட்டி முன்னாடி நிக்க வேற ஆள். முதல் நாள் ராத்திரி 10 மணிக்கு அம்மா படுத்திடணும். தூக்கம் கெட்டாலும் சுகர் ஏறும். வந்தவங்களுக்கும் ஆளுக்கொரு வேலை சொல்லுங்க, அதில் தப்பே இல்லை.

பாலக்கோட்டுக்காரன்:
நன்றி அக்கா. சாயங்காலம் நோன்பு விடும்போது?

செவிலியர், பென்னாகரம்:
வெறும் வயிற்றில் அதிரசத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பிரசாதமாக ஒரு விள்ளல் போதும். அவரைக்காய்ப் பொரியல், கொள்ளுச் சுண்டல் முதலில், சோறு அதற்குப் பின், கடைசியில் பாதி அதிரசம். ராகிக்களியாச்சே என்று இரண்டு உருண்டை வைக்காதீர்கள், அதிலும் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. சாப்பிட்டபின் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் நடக்கட்டும், வெளியே பட்டாசுப் புகை. இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் இருந்தால் நல்லது. ராத்திரி மாத்திரையை எப்போது போடுவது என்பதையும் டாக்டரிடம் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.