செவ்வாப்பேட்டை வீடு குழு: கொலுசு பில்லும் கம்பைலரும்

பெரியப்பா, இரவு 8:12
செல்வி கண்ணு, நீ மத்தியானம் போட்டுக் கொடுத்த பில் புரோகிராமில் எடை தப்பாக வருகிறது. இரண்டு ஜோடி கொலுசு, ஒன்று 84.5 கிராம், இன்னொன்று 62. மொத்தம் 84.562 என்று காட்டியது. புள்ளிக்குப் பிறகு மூன்று எண் இருந்ததால் தராசு எடை என்றே நினைத்து பையன் பில் எழுதிவிட்டான். நான் கையில் தூக்கிப் பார்த்ததால் தெரிந்தது.

செல்வி, 8:15
மன்னிச்சுக்கோங்க பெரியப்பா, தப்பு என்னுடையதுதான். ஏஜென்ட் முடிந்துவிட்டது என்றதும் நான் ஒரு தடவைகூட எடை போட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பில் பார்ட்டி கைக்குப் போய்விட்டதா?

பெரியப்பா, 8:16
போகவில்லை. கிழித்துவிட்டு கையால் எழுதிக் கொடுத்தேன்.

சித்தி, 8:20
ஏஜென்ட் யாரு? ஆள் வைத்தா எழுதினாய்?

செல்வி, 8:21
ஆள் இல்லை சித்தி, ஏஐ. என்ன வேண்டும் என்று சொன்னால் அதுவே ஃபைலைத் திறந்து புரோகிராம் கோடு எழுதும், திருத்தும்.

குமரன், 8:33
84.5 பக்கத்தில் 62 ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டத்தில் தட்டுகிற எடை எழுத்தாக வரும், அதை எண்ணாக மாற்றாமல் கூட்டியிருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட்தானே, எது எண் எது எழுத்து என்று டைப் குறித்து எழுதுகிற மொழி? ஓட்டும் முன்பே கோடைச் சரிபார்க்கிற கம்பைலர் கத்தியிருக்குமே.

செல்வி, 9:47
கத்தியிருக்கும் அண்ணா, ஆனால் அதை யாருமே கூப்பிடவில்லை. இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஓட்டிய டெவ் சர்வர், அதாவது எழுத எழுத பக்கத்தைத் திறந்து காட்டுகிற புரோகிராம், டைப் குறிப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுகிறது, சரிபார்ப்பதே இல்லை. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சிகூட நாம் தடுக்கச் சொல்லாவிட்டால் பிழையையும் காட்டிவிட்டு ஜாவாஸ்கிரிப்டையும் எழுதிக் கொடுத்துவிடும். அதனால் பக்கம் திறந்தது, பட்டன் வேலை செய்தது, ஏஜென்டுக்கும் எனக்கும் எல்லாம் சரி என்றே பட்டது. அதனால் சின்னதாக ஒரு டூல் எழுதி ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டேன், ஏஐயோடு வெளி டூல்களை இணைக்கிற எம்சிபி வழியாக. கோடு மாற்றும்போதெல்லாம் அது இந்த டூலைக் கூப்பிட வேண்டும், டூல் டிஎஸ்சியை நோஎமிட் போட்டு ஓட்டும், அதாவது சரிபார்க்க மட்டும் செய்யும், எந்த ஃபைலும் எழுதாது. எந்த ஃபைல், எந்த வரி, எத்தனையாவது எழுத்து, என்ன பிழை என்று திருப்பிக் கொடுக்கும். பழைய கோடை அப்படியே வைத்து ஓட்டினேன், முதல் தடவையே 41ஆம் வரியைக் காட்டியது. டிஎஸ்2322 என்ற பிழைக் குறியீடு, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது என்று. மத்தியானமே இதைச் செய்திருந்தால் பெரியப்பா பில்லைக் கிழித்திருக்க வேண்டாம்.

குமரன், 9:52
நல்ல வேலை. எங்கள் ஆபீசில் ரஸ்ட் மொழி, அங்கே கார்கோ செக் என்ற கட்டளை இதையேதான் செய்கிறது. இயந்திரக் கோடு உருவாக்குகிற கட்டத்தை விட்டுவிடுவதால் முழு பில்டைவிட சீக்கிரம் முடியும். ஆனால் ஏஜென்டுக்கு எந்தக் கட்டளையும் ஓட்டக்கூடிய டெர்மினலையே திறந்து விட்டால் போதாதா, தனி டூல் எதற்கு?

செல்வி, 9:58
பெரியப்பாவின் பழைய கணக்கு எல்லாம் அதே லேப்டாப்பில்தான் இருக்கிறது அண்ணா. டெர்மினலைத் திறந்து விட எனக்கு மனசு வரவில்லை. இந்த டூல் ஒரே ஒரு வேலைதான் செய்யும். இன்னொரு விஷயம், ஒரு டைப்பை மாற்றினால் நாற்பது இடத்தில் பிழை வருகிறது, மொத்தத்தையும் கொட்டினால் ஏஜென்ட் கடைசியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. முதல் ஐந்தை மட்டும் கொடுத்து, மீதி எத்தனை என்று எண்ணிக்கை சொல்கிறேன். மேலே இருப்பதைத் திருத்தினால் கீழே பாதி தானாகப் போய்விடுகிறது.

குமரன், 10:01
ஏஜென்ட் எனி, அதாவது எந்த டைப்பும் வரலாம் என்று போட்டு கம்பைலர் வாயை அடைத்துவிடப் போகிறது, பார்த்துக்கொள்.

செல்வி, 10:03
போட்டது அண்ணா! இரண்டாவது சுற்றிலேயே. டைப் இருந்த இடத்தில் எனி என்று எழுதிவிட்டு பிழை பூஜ்யம் என்றது. இப்போது எனியும், அடுத்த வரிப் பிழையை விட்டுவிடு என்கிற டிஎஸ் இக்னோரும் புதிதாக எங்கே வந்தாலும் டூல் அதையும் பிழையாகவே எண்ணும். கம்பைலர் விதிகள் இருக்கிற டிஎஸ்கான்ஃபிக் ஃபைலைத் தொடவும் விடவில்லை.

மாமா ஏற்காடு, 10:10
இங்கே மழை வந்தால் நெட் நின்றுவிடும். என் மிளகுக் கணக்குக்கும் இப்படி ஒன்று வேண்டும் கண்ணு, இந்தச் சரிபார்ப்புக்கு நெட் தேவையா?

செல்வி, 10:12
தேவையில்லை மாமா, கம்பைலர் நம் மெஷினிலேயே ஓடும். எழுதுகிற ஏஜென்டுக்குத்தான் நெட் வேண்டும். பெரியப்பா பில் சரியாக வரட்டும், அப்புறம் உங்களுடையதைப் பார்க்கலாம்.

பெரியப்பா, 10:15
அப்போது இனி தப்பே வராதா?

செல்வி, 10:21
அப்படிச் சொல்ல மாட்டேன் பெரியப்பா. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா என்று கம்பைலர் பார்க்கும், அது சரியான எண்ணா என்று அதற்குத் தெரியாது. ஜிஎஸ்டி 3 சதவீதத்துக்கு 0.03 என்று எழுதாமல் 0.3 என்று எழுதிவிட்டால் இரண்டும் எண்தானே, சும்மா இருந்துவிடும். அதனால் உங்கள் பில் புத்தகத்திலிருந்து பழைய பில் பத்து போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டு. எடை, சேதாரம், கூலி, மொத்தம் தெரிந்தால் போதும். அதே எண்கள் புரோகிராமிலும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைக்கு அனுப்புவேன். அதுவரை கையாலேயே எழுதுங்கள்.

சித்தி, 10:23
சாப்பிட்டாயா முதலில்?

பெரியப்பா, 10:40
பத்தும் அனுப்பிவிட்டேன்.

செல்வி, 11:26
ஒன்பது பைசா வரை சரியாக இருக்கிறது பெரியப்பா. ஆறாவது பில்லில் மட்டும் கூலி இடிக்கிறது. அதில் கூலி கிராமுக்கா, ஜோடிக்கா?

பெரியப்பா, 11:28
ஜோடிக்கு. சலங்கை வைத்த குழந்தைக் கொலுசு அது, எடை கம்மி, வேலை அதிகம். அதற்கு எப்போதும் ஜோடிக் கூலிதான்.

செல்வி, 11:29
இதை நான் ஏஜென்டிடம் சொல்லவே இல்லை. இப்போது சேர்க்கிறேன்.